கேலரிக்குக் கீழ் வீடு

அந்த வீட்டுக்குக் கூரை என்று தனியாக ஒன்று கிடையாது. கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரிப் படிகள்தான் கூரை. வெளியே மேலேறிப் போகும் படிகள், உள்ளேயிருந்து பார்த்தால் தலைகீழாக இறங்கி வரும். வாசல் பக்கம் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அடுப்புப் பக்கம் போகப்போகக் குனிய வேண்டும். அதற்கும் அப்பால் பாத்திரங்களும் சோப்புத்தூள் மூட்டையும்தான் உட்காரலாம். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் நெற்றியை இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. பிறகு தலை தானாகக் குனியப் பழகிக்கொண்டது. இப்போதெல்லாம் கடைத்தெருவில் நடக்கும்போதுகூட, மேலே வெறும் வானம் இருக்க, காரணமில்லாமல் குனிந்துவிடுவாள்.

புருஷனுக்கு மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, கதவுகளைத் திறப்பது, பூட்டுவது எல்லாம் அவர்தான். ஊரில் அவருக்கு வைத்த பெயரே புல்லு. அவள் ஆட்டக்காரர்களின் துணிகளைத் துவைத்தாள். புல்லுவின் தம்பி அந்தக் குழுவில் இருந்ததால் அவனுக்கு அவள் அண்ணி. அதைக் கேட்டுக் கேட்டுக் குழுவில் எல்லோருக்கும் அண்ணி, கோச்சுக்கும் அண்ணி. அவளைவிட வயதில் மூத்த பஸ் டிரைவரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

தம்பி கோல்கீப்பர். ஆனால் இரண்டாவது கீப்பர். பெரிய கீப்பருக்குக் கை உடைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் இறங்க வேண்டியவன். பெரிய கீப்பரோ இரும்பில் செய்தது மாதிரி இருந்தார். அதனால் தம்பி ஆடினான் என்பதைவிட உட்கார்ந்திருந்தான் என்பதே பொருத்தம். அவனுக்கு ரிசர்வு என்று பெயர் விழுந்தது அப்படித்தான். வாராவாரம் வந்து குவியும் சேற்றுத் துணி மூட்டையில் அவனுடைய ஜெர்சி மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அதையும் மற்றவற்றோடு போட்டு ஒரு அலசு அலசித்தான் அவள் காயப்போடுவாள். தனியாக எடுத்து வைத்தால் அவன் முகம் சுருங்கிப்போகும்.

அந்த வருஷம்தான் லீக் கோப்பையில் அவனுக்கு வாசல் திறந்தது. லீக் வேறு, லீக் கோப்பை வேறு. லீக் என்பது வருஷம் பூராவும் வாரக் கடைசியில் ஆடிப் புள்ளி சேர்ப்பது. கோப்பை, நாட்டிலுள்ள குழுக்கள் எல்லாம் வாரத்தின் நடுவில் மோதுவது. ஒரு ஆட்டம் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெரிய கீப்பருக்கு ஓய்வு வேண்டும் என்று கோச் கோப்பை ஆட்டங்களுக்கெல்லாம் ரிசர்வை இறக்குவதாகச் சொல்லிவிட்டார். மைதானத்தில் விளக்குக் கம்பம் கிடையாது. எல்லா ஆட்டமும் மத்தியானத்தில்தான்.

"இந்த சீசனோட என் ஒப்பந்தம் முடியுது அண்ணி. கோப்பையில காட்டுனாத்தான் வெச்சிப்பாங்க. இல்லேன்னா கும்பிடு போட்டு அனுப்பிடுவாங்க" என்றான்.

"காட்டுவ. நீ முதல்ல சட்டையை அழுக்காக்கிட்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

முதல் சுற்றுக்கு முந்தின நாள் மத்தியானம், மழைக்கு முன்னால் வரும் புழுக்கம். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கால்கள் நடமாட ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு கும்பலாக. ஆட்ட நாட்களில் கால் சத்தம் கேட்டதும் அவள் முதலில் செய்வது பாத்திரங்களை மூடுவதுதான். படி இடுக்குகளிலிருந்து சிமெண்டுத் தூள் உதிரும், சோறெல்லாம் நறநறத்துப் போகும். கை தன் பாட்டுக்கு மூடிகளை எடுத்து வைத்தது. வைத்த பிறகுதான் இன்றைக்கு ஆட்டமே இல்லையே என்று நினைவு வந்தது.

பையன்களைக் கோச் படியேறி ஓடச் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். ஆனால் இது ஓடுகிற கால் இல்லை. வந்து, இடம் பார்த்து, உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவனுக்காக நகர்ந்து கொடுக்கிற கால். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் காலை வைத்தே ஆட்டம் தெரியும். ஆட்டம் சப்பென்று போனால் குதிகாலால் தட்டிக்கொண்டிருப்பார்கள். பந்து கோலுக்குப் பக்கத்தில் போனால் எல்லோரும் எழுந்திருப்பார்கள். கோல் விழுந்தால் குதிப்பார்கள்.

ஈரக் கையோடு வெளியே வந்து பார்த்தாள். கேலரி காலியாகக் கிடந்தது. ஒரு காக்கை மேல் படியில் உட்கார்ந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் புல்லு சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, சாப்பாடு ஆச்சா என்று கையால் கேட்டார். இன்னும் இல்லை என்று கையால் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே கால்கள் அப்படியேதான் இருந்தன. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். மேலே எல்லோரும் எழுந்தார்கள், குதித்தார்கள். அந்தக் குதியில் யாருடைய பாட்டிலோ விழுந்து, ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி உருண்டு, அடுப்புக்கு நேர் மேலே வந்து நின்றது. கால் சத்தம் கேட்டதே தவிர ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. அவள் மெல்லக் குனிந்து பருப்புச் சட்டியின் மூடியைப் பார்த்தாள். ஒரு பொட்டுத் தூள் உதிர்ந்திருக்கவில்லை.

மறுநாள் ஆட்டம். கூட்டம் வந்தது, உட்கார்ந்தது, தூள் உதிர்ந்தது. அவள் அடுப்பு வேலையாகத்தான் இருந்தாள். எல்லோரும் எழுந்தார்கள், குதித்தார்கள். ஒரு பாட்டில் விழுந்து, ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி உருண்டு, அடுப்புக்கு நேர் மேலே வந்து நின்றது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ரிசர்வு தன் ஜெர்சியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். நெஞ்சிலும் இடுப்பிலும் சேறு அப்பிக் கிடந்தது. "அண்ணி, பாருங்க!"

"ஏன் தம்பி, பந்து பிடிச்சியா, இல்ல வயல்ல நாத்து நட்டியா?" என்று சிரித்து வாங்கிக்கொண்டாள். சேற்றை ஈரத்தோடு தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நூலுக்குள் போய்விடும். காயவிட்டு, உதறி, பிரஷ் போட்டு, அதற்குப் பிறகுதான் ஊறவைக்க வேண்டும். அந்த ஒரு ஜெர்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் துவைத்திருக்கலாம். பாட்டில் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சுற்றுக்கு முந்தின நாளும் கால்கள் வந்தன. அன்று வெகுநேரம் மேலே ஒரு அசைவும் இல்லை. இருக்கிறார்கள், ஆனால் அசையவில்லை. திடீரென்று ஒரு குதி. மறுபடி அசைவின்மை. மறுபடி குதி. மறுநாள் ஆட்டம் சமமாகி, பெனால்டிக்குப் போனது. ரிசர்வு பந்தைத் தடுக்கும்போதெல்லாம் கேலரி மூச்சைப் பிடித்திருந்து குதித்தது. அவள் கீழே ஒவ்வொரு குதியையும் முந்தின நாள் கேட்டதோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

இனி மறைக்க முடியாது என்று தோன்றிவிட்டது. மூன்றாவது சுற்றுக்கு முந்தின நாள் மத்தியானம் புல்லு சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அது காங்கிரீட்டு. மழையில நனைஞ்சு, வெயில்ல காயும்போது முறுக்கிக்கும். சத்தம் வரத்தான் செய்யும்."

"காங்கிரீட்டு குதிக்குமா?"

"எனக்கு இத்தனை வருஷத்துல ஒண்ணும் கேட்டதில்லையே."

"இப்பக்கூடவா கேக்கல?"

புல்லு தலையைத் தூக்கிக் கேட்டார். "இப்பவா? இப்ப என்ன?"

"இப்பதான் ஜாஸ்தி" என்றாள் அவள். அவள் காதில் கேலரி நிறைந்து வழிந்தது. அவருடைய தலைக்கு நேர் மேலே யாரோ குதிகாலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் அவளையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ரிசர்வு வேறு ரகம். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவனுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. "அண்ணி, அதை விடுங்க. குதிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"குதிச்சாங்க."

"போதும்!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கோப்பை ஆட்டத்துக்கும் முந்தின நாள் வந்து நிற்பான். அவள் குதித்தார்கள் என்பாள். அவன் மறுநாள் கோலில் நிற்கிற விதமே வேறாக இருக்கும். பேப்பரில் அவன் படம் வந்தது. டீக்கடையில் அவனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்கள். குழு கால் இறுதியில் ஜெயித்தபோது ஊரே மைதானத்துக்குள் இருந்தது. உண்மையிலேயே அப்படித்தான், டிக்கெட் இல்லாத பாதி ஊர் தெற்கு இரும்புக் கதவு வழியாக நுழைந்துவிட்டது. அந்தக் கதவு அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி, கேலரியின் தெற்கு முனையில் சந்துக்குள் திறப்பது. கிளப் செயலாளர் வந்து குதிகுதியென்று குதித்தார். "அரையிறுதிக்கு இது பூட்டியே இருக்கணும். ஆட்டம் முடிஞ்சு நான் சொன்னாத்தான் திறக்கணும்" என்று புல்லுவிடம் கண்டிப்பாகச் சொன்னார். கேலரியின் வடக்குக் கோடியில் தகரக் கூரை ஆடுவதைப் புல்லு காட்டியபோது, "சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

அரையிறுதிக்கு முந்தின நாள் காலையிலிருந்தே தூறல். கொடியில் துணி காயாது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி ஜெர்சிகளைத் தொங்கவிட்டிருந்தாள். ஈரச் சட்டைகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்துதான் அடுப்புக்குப் போக வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் அன்று காத்துக்கொண்டுதான் இருந்தாள், விருந்தாளி வரும் நேரத்துக்குக் காத்திருப்பது மாதிரி.

வந்தார்கள். எப்போதும் இல்லாத கூட்டம். உட்கார்ந்தார்கள், நெருக்கினார்கள். ஆட்டம் நடுவில் இருக்கிற நேரம் என்று அவள் கணக்குப் போட்டபோது, எல்லாக் காலும் ஒரேயடியாக எழுந்தன. குதிக்கவில்லை. ஓடின. வடக்கிலிருந்து தெற்காக, அவள் தலைக்கு மேலே, மூட்டை மூட்டையாக எதையோ கொட்டியது மாதிரி. அதன் பிறகு அவள் இதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். கைகள். தெற்கு இரும்புக் கதவை உள்ளேயிருந்து கைகள் தட்டின. ஒன்றிரண்டு கைகள் இல்லை.

துணிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். கதவு அசையாமல் நின்றது. அதன் சங்கிலியில் ஒரு மழைத்துளி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டே அவள் தட்டல்களைக் கேட்டாள். அவை மெல்லக் குறைந்தன. ஒவ்வொரு கையாக நின்றது. கடைசியில் ஒரே ஒரு உள்ளங்கை மட்டும், குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது மாதிரி இரும்பை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

புல்லு ஈரம் இழுக்கக் கோல் வாயிலில் மரத்தூள் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மழையில் நனைந்துகொண்டே மைதானத்தின் குறுக்கே நடந்து போனாள். போட்ட கோட்டை மிதித்துக்கொண்டு வருகிறாளே என்று அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"என்னங்க, நாளைக்குத் தெக்குக் கதவைப் பூட்டாதீங்க."

"என்ன கேட்டுச்சு?"

சொன்னாள். அவர் கையிலிருந்த மரத்தூளை உதறினார்.

"இதுவரைக்கும் காலுதான கேட்டுச்சு?"

"இன்னைக்குக் கை."

"பூட்டலேன்னா வேலை போயிடும். வேலையோட வீடும் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"கேட்டது தப்பா இருந்தா?"

"தப்பா இருக்கட்டுங்க. தப்பா இருந்தா நல்லதுதானே" என்றாள்.

ரிசர்வு அன்று சாயங்காலம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"அண்ணி, குதிச்சாங்களா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "குதிக்கல தம்பி. ஓடுனாங்க."

"ஓடுனாங்கன்னா? ஜெயிச்சுட்டு மைதானத்துக்குள்ள ஓடுனாங்களா?"

"இல்லப்பா. கதவுப் பக்கம்."

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "நாளைக்கு எனக்கு ஆட்டம். இதைப் போய் இன்னைக்குச் சொல்றீங்களே அண்ணி. குதிச்சாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும்?" பாதியில் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை, துவைத்த துணிகளைக் கிளப் அறையில் கொடுக்கிற சாக்கில் அவளே செயலாளரிடம் போனாள். காதில் கேட்டதைச் சொல்லவில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும், கதவு திறந்திருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னாள். செயலாளர் கெட்ட மனுஷன் இல்லை. அவளை உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, போன தடவை ஓசியில எத்தனை பேரு உள்ள வந்தாங்கன்னு உனக்கே தெரியும். கால்பந்து சங்கத்துக்காரங்க என்னைத்தானே கேப்பாங்க? நீ இருக்கற வேலையில கதவை ஏன் நினைக்கற?" என்றவர் சட்டென்று நிறுத்தி அவளைக் கூர்ந்து பார்த்தார். "யாராவது சொந்தக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க."

ஆனால் அவருக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. அவளோடு கூடவே நடந்து வந்து, சங்கிலியைத் தன் கையாலேயே சுற்றிப் பூட்டி, புல்லுவின் இடுப்பிலிருந்த சாவியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவள் கதவோரம் நின்றாள். தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சாவியாவது வீட்டில் இருந்திருக்கும். வரப்போவதை நானேதான் கையைப் பிடித்து அழைத்து வருகிறேனோ என்று நினைத்து, சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

புல்லு வீட்டுக்குள் போனார். சுத்தியல், உளி, எண்ணெய் டப்பாவோடு வந்தார். பூட்டுப் பக்கம் போகவில்லை. கதவின் கீல் பக்கம் உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கீலெல்லாம் துரு. எண்ணெய் போடணும்னு ரொம்ப நாளா நினைச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். எண்ணெய் விட்டார், ஊறவிட்டார், கீழ்க் கீலின் ஆணியைத் தட்டி எடுத்தார். மேல் கீலின் ஆணியையும் எடுத்தார். இரண்டையும் துணியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவு சங்கிலியில் தொங்கிக்கொண்டு, பார்ப்பதற்குப் பூட்டிய கதவாகவே நின்றது. "ஒரு ஆளால நகர்த்த முடியாது. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

ஆனால் அவரால் இருக்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கோல் முன்னால் தண்ணீர் தேங்க, செயலாளர் அவரைக் கூப்பிட்டு நீர் தள்ளும் கட்டையைக் கையில் கொடுத்து மேற்கு ஓரத்தில் நிறுத்திவிட்டார். அவள் சந்துப் பக்கம் கதவுக்கு வெளியே தனியாக நின்றாள். அவளைத் தவிர டிக்கெட் இல்லாத இளவட்டங்கள் கொஞ்சம் பேர், இடுக்கு வழியாக ஆட்டம் தெரியுமா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்று வந்தது. வடக்குக் கோடியில் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் கேட்ட கால்களோடு இன்றைய கால்களை வைத்துப் பார்த்தாள். அதே நெருக்கம். அதே நகர்தல். எழப் போகிறார்கள் என்று தெரிந்தபோது அவள் கதவைப் பிடித்து இழுத்தாள். அது இம்மியும் அசையவில்லை.

"தம்பிகளா, வாங்க! இதைப் புடிங்க!"

"உள்ள விடப் போறீங்களா அண்ணி?"

"விடறேன், எல்லாரையும் விடறேன். முதல்ல தூக்குங்க!"

ஓசியில் ஆட்டம் பார்க்கிற ஆசைக்கு எத்தனை பலம் என்று அன்றைக்குத்தான் கண்டாள். பையன்கள் ஒரே தம்மில் கதவைக் கீலிலிருந்து பிடுங்கி, சங்கிலியோடு சுவர்ப் பக்கம் சாய்த்துவிட்டார்கள். சாய்க்கவும் வடக்கே தகரம் பிய்ந்து அது ஆடுவதற்குப் பயந்து யாரும் உட்காராத படிகள் மேல் விழவும் சரியாக இருந்தது. அந்தச் சத்தத்தில் கேலரியே விழுகிறது என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து தெற்காக ஓடி வந்தது. உள்ளே போக நின்ற பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஆண்களும் பெண்களும், தோளில் குழந்தையை வைத்தவர்களும், குடையை விரித்தபடியே வந்தவர்களும் சந்துக்குள் கொட்டி, அந்தக் கோடி வரைக்கும் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கு முழங்கால் சிராய்ப்பு. நிறையச் செருப்புகள் காணாமல் போயின. வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில், "அட, தகரம்தானா!" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு, திறந்து கிடந்த வழியாகவே திரும்ப உள்ளே போனார்கள். இளவட்டங்களும் கூடவே போனார்கள்.

அவள் ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

உள்ளே ஆட்டம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தகரம் விழுந்த அந்த நேரத்தில் நடுவர் விசில் ஊதவில்லை. எதிர்க் குழுக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து சும்மா ஒரு உதை உதைத்தான். ரிசர்வு கிழக்கு கேலரியையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்து அவன் பக்கத்தில், பூனை நடப்பது மாதிரி உருண்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு யாரும் கோல் போடவில்லை. அந்த ஒன்றோடு கோப்பை போயிற்று.

அண்ணி வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று எல்லோரும் சொன்னார்கள். பாவம், வீட்டாள்கள் கதி என்ன ஆயிற்றோ என்று பார்த்திருப்பான் என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு.  கிளப் அவனுக்குக் கும்பிடு போட்டு அனுப்பியது. அண்ணியிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வேறு ஊருக்கு, ஏதோ கிடங்கில் மூட்டை ஏற்றப் போய்விட்டான்.

புல்லு கீல் ஆணிகளை எடுத்தது வெளியே வர ஒரு நாள்கூட ஆகவில்லை. செயலாளர் மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "ஒரு தகரம் விழுந்துச்சு. சனம் கொஞ்சம் ஓடுச்சு. அவ்வளவுதான். அதுக்காக நீ காலையிலயே கதவைக் கழட்டி வெச்சியா? மத்தியானம் தகரம் விழும்னு உனக்கு யாரு சொன்னா?"

புல்லு, "துரு சார்" என்றார். வேலையும் போனது, வீடும் போனது. ஊரில் யாரும் அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்வார்கள்? ஒன்றும் நடக்காத விஷயத்துக்கு யார் நன்றி சொல்வது?

அவளுக்கு வருத்தம் வீட்டைப் பற்றிக்கூட இல்லை. அவளை அரித்தது வேறு. கால்கள் ஓடின, அது நடந்தது. ஆனால் அன்று யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்குக் கதவே இல்லை. அப்படியென்றால் முந்தின நாள் தட்டிய கைகள் யாருடையவை? அந்தக் கடைசி உள்ளங்கை யாருடையது? புருஷனிடம் ஒரு தடவை கேட்டாள். "வேண்டாம், அதை நினைக்காத" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒரு மளிகைக் கடைக்கு மேலே மாடி அறையில் இருக்கிறார்கள். கூரை உயரம், சமமானது. அவர் ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்தில் புல் வெட்டுகிறார். அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் இருக்கிறாள். அங்கே சேறு கிடையாது, வேறு கறைகள். மழைக்காலம் முடிந்து, வெயில் ஏறியிருந்த ஒரு முற்பகலில் ரிசர்வு வந்து வாசலில் நின்றான். தோள் அகன்றிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. புல்லு வேலைக்குப் போயிருந்தார். "வா தம்பி" என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. முட்டை வேகவைத்து, ரொட்டியும் டீயும் வைத்தாள்.

அவன் முட்டையை உரித்தான். உரித்ததை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணி, அன்னைக்கு நான் உங்க வீட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. அண்ணனும் அப்படித்தான் நினைச்சிருக்கும்."

"இல்லையா?"

"தகரம் விழுந்ததும் பாத்தது நிஜம். சனம் ஓடுச்சு. கதவு வழியா வடிஞ்சுது. சரி, தப்பிச்சாங்கன்னு பந்துப் பக்கம் திரும்பப் போனேன். அப்பத்தான் கவனிச்சேன். கதவுகிட்ட கீழ்ப்படியெல்லாம் ஆளுங்க நிக்கறாங்க."

"பின்னாடி வந்தவங்களா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவங்க நகரவே இல்ல அண்ணி. மழை அந்தக் கொட்டு கொட்டுது, ஒருத்தரும் தலையில கை வெக்கல. நெருக்கியடிச்சு நிக்கறாங்க, எல்லாரும் கதவைப் பாத்து. சனம் அவங்க நடுவுல புகுந்து ஓடுது. யாரும் யார் மேலயும் இடிக்கல."

அவள் டீ கிளாஸைத் தரையில் வைத்தாள். கீழே கடையில் யாரோ தராசுத் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

"அதுல ஒருத்தங்க, வயசான அம்மா மாதிரி இருந்தாங்க, முன்னால வந்தாங்க. கதவு இருந்த இடத்துல உள்ளங்கையை நீட்டித் தடவுனாங்க, இருட்டுல சுவரைத் தேடுவோமே அந்த மாதிரி. ஒண்ணும் தட்டுப்படல. மறுபடியும் தடவிப் பாத்தாங்க. அப்புறம் திரும்பி மத்தவங்களைப் பாத்தாங்க." அவன் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தான். "அந்த முகத்தை நான் பாத்துக்கிட்டிருக்கும்போதுதான் பந்து என்னைத் தாண்டிப் போச்சு."

 அவள் தணிந்த குரலில் கேட்டாள். "அப்புறம்? அவங்க போயிட்டாங்களா?"

"வலைக்குள்ள போய்ப் பந்தை எடுத்துக்கிட்டு நிமிர்ந்தேன். ஒருத்தரும் இல்ல."

"எந்தப் பக்கம் போனாங்கன்னு..."

"கதவு வழியாத்தான் போயிருப்பாங்க அண்ணி. திறந்துதானே இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, உப்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சாப்பிடு தம்பி. ஆறிப்போகுது."